"புதுசா எப்படி சார் வரும்?" - ஒரு அம்மாவின் கேள்வியும், டிஎன்ஏவை எண்ணிப் பார்த்த கதையும்

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ குடிக்கிற நேரத்துல பொறுமையா படிங்க.

சில மாதங்களுக்கு முன்னாடி ஓபி-க்கு நாலு வயசுப் பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. வலது முழங்கால் பந்து மாதிரி வீங்கி இருந்தது. கீழே விழவில்லை, யாரும் அடிக்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஃபேக்டர் 8 ஒரு சதவீதத்துக்கும் கீழே. தீவிர ஹீமோஃபீலியா ஏ.

ரத்தம் உறைவதற்குத் தேவையான ஒரு புரதம்தான் இந்த ஃபேக்டர் 8. அதற்கான மரபணு எக்ஸ் க்ரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ்தான், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. அதனால் பையனுக்கு இந்த நோய் வந்தால் எல்லார் பார்வையும் நேராக அம்மா மேல் போகும்.

அன்னைக்கும் அதுதான் நடந்தது. பையனோட அப்பாவைப் பெத்த பாட்டி, என் மேசைக்கு முன்னாடியே சொன்னாங்க: "எல்லாம் இவ வீட்டு வழி வந்த வியாதி."

அந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாங்க: "எனக்கு மூணு மாமா, ரெண்டு தம்பி சார். யாருக்குமே இப்படி இல்ல."

நான், "சில பேருக்கு இது புதுசா வரும்மா" என்றேன். உண்மைதான். ஹீமோஃபீலியாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாத வீடுகளில் வருவது.

"புதுசா எப்படி சார் வரும்? எங்கிருந்து வரும்?"

வெளியே எண்பது பேர் நிக்கிறாங்க. "மரபணுவுல ஒரு மாற்றம்மா" என்று சொல்லி அனுப்பி வைத்தேன். அது பதிலே இல்லை என்று எனக்கே தெரியும். சரியான பதிலைச் சொல்ல 1960-களில் நடந்த ஒரு கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டிஎன்ஏ இரட்டை இழை என்பது 1953 முதல் தெரியும். ஒரு இழையில் இருக்கும் எழுத்து வரிசைக்கு நேர் ஜோடி மற்ற இழையில் இருக்கும். அதைக் கொதிக்க வைத்தால் இரண்டு இழைகளும் பிரிந்துவிடும்.

பிரிந்தது மறுபடி சேருமா? சேராது என்றுதான் பலரும் நினைத்தார்கள். 1960-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் மார்மர், பால் டோட்டி குழுவினர் சேரும் என்று காட்டினார்கள். கொதித்த டிஎன்ஏவைச் சட்டென்று பனிக்கட்டியில் வைத்தால் சேராது. மெதுவாக ஆற விட்டால், ஒவ்வொரு இழையும் தன் ஜோடியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். இப்படித் தேடிச் சேருவதைத்தான் ஹைப்ரிடைசேஷன் என்கிறோம்.

ஆனால் ஒரு சிக்கல். பாக்டீரியா டிஎன்ஏ அழகாகச் சேர்ந்தது. கன்றுக்குட்டியின் டிஎன்ஏ பெரிதாகச் சேரவில்லை. காரணம் புரிந்தது: பாலூட்டிகளின் டிஎன்ஏ பாக்டீரியாவைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு பெரியது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் தன் ஒரே ஜோடியைக் கண்டுபிடிக்க ரொம்ப காலம் ஆகும்.

கதை இங்கிருந்து வாஷிங்டனுக்குப் போகிறது. கார்னகி நிறுவனத்தின் 'பூமி காந்தவியல் துறை'. பெயரைப் பார்த்து ஆச்சரியப்படாதீங்க. பூமியின் காந்தப் புலத்தை அளப்பதற்காக 1904-ல் ஆரம்பித்த துறைதான் அது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அங்கிருந்த சில இயற்பியலாளர்கள் உயிரியல் பக்கம் திரும்பினார்கள். அவர்களில் ஒருவர் ராய் பிரிட்டன். போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர்.

1962-ல் அங்கே எல்லிஸ் போல்டன், பிரையன் மெக்கார்த்தி என்ற இருவர் ஒரு எளிய முறையைக் கொண்டுவந்தார்கள். நீளமான டிஎன்ஏ இழைகளை அகாரில் சிக்க வைத்தார்கள். நம்ம வீட்டில் இனிப்பு செய்யும் கடல்பாசி இருக்கிறதே, அதேதான். பிறகு கதிரியக்கம் ஏற்றிய சின்னச் சின்ன டிஎன்ஏ துண்டுகளை அதனுள் விட்டார்கள். ஜோடி கிடைத்தது ஒட்டிக்கொள்ளும், மற்றது கழுவும்போது போய்விடும்.

இதில் பாலூட்டிகளின் டிஎன்ஏவும் ஒட்டியது! அதுவும் சில மணி நேரத்திலேயே.

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பிரிட்டனுக்கு மட்டும் உறுத்தல். இயற்பியல்காரர் அல்லவா, கணக்கு போட்டுப் பார்த்தார். இவ்வளவு பெரிய டிஎன்ஏவில் ஒவ்வொரு துண்டும் ஒரே ஒரு ஜோடியைத் தேடுகிறது என்றால், சில மணி நேரத்தில் முடியவே முடியாது. அப்படியானால்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாண மண்டப வாசலுக்கு வாங்க.

வாசலில் 300 ஜோடி செருப்பு. கூட்டம் மிதித்து எல்லாம் கலந்து கிடக்கிறது. கரண்டும் போய்விட்டது. ஒரு இடது கால் செருப்பை எடுத்து, இருட்டில் தடவித் தடவி அதன் வலதைத் தேடணும். 300 ஜோடியும் வேறு வேறு என்றால், எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துப் பாருங்க.

இப்போ அந்த 300-ல் 100 ஜோடி, ஒரே அளவு ரப்பர் செருப்பு என்று வைத்துக்கொள்வோம். அதில் எந்த இடதும் எந்த வலதோடும் சேர்ந்துவிடும். அந்த 100 ஜோடியும் சட்டுபுட்டென்று முடிந்துவிடும். மீதி 200 மட்டும் மெதுவாக இழுக்கும்.

முக்கியமான விஷயம் இதுதான்: செருப்பைப் பார்க்காமலே, வெளியே கடிகாரத்தோடு நின்று "எத்தனை ஜோடி எவ்வளவு நேரத்தில் சேர்ந்தது" என்று மட்டும் குறித்துக்கொண்டால் போதும். உள்ளே எத்தனை ஒரே மாதிரி செருப்பு என்று சொல்லிவிடலாம்.

பிரிட்டனும் அவருடைய சகா டேவிட் கோனும் டிஎன்ஏவில் செய்தது இதைத்தான். டிஎன்ஏவின் எழுத்துகளை வேகமாகப் படிக்கும் முறைகள் வந்தது 1977-ல். அதற்குப் பத்து வருடம் முன்னாடியே, படிக்காமலே எண்ணும் வழியை இவர்கள் உருவாக்கிவிட்டார்கள்.

முறை இதுதான். டிஎன்ஏவை உயர் அழுத்தத்தில் சில நூறு எழுத்து நீளமுள்ள துண்டுகளாக உடைப்பார்கள். கொதிக்க வைத்து இழைகளைப் பிரிப்பார்கள். பிறகு சுமார் 60 டிகிரி செல்சியஸில், உப்புக் கரைசலில், குறிப்பிட்ட நேரம் விட்டுவைப்பார்கள். ஜோடி சேர்ந்ததையும் சேராததையும் பிரிக்க ஹைட்ராக்ஸி அபடைட் என்ற பொருள் வழியாக வடிப்பார்கள்.

இந்த ஹைட்ராக்ஸி அபடைட் வேறொன்றுமில்லை. நம் எலும்பிலும் பல்லிலும் இருக்கும் அதே கால்சியம் பாஸ்பேட் தாதுதான். சரியான பாஸ்பேட் அளவில் இரட்டை இழையை மட்டும் பிடித்துக்கொள்ளும், ஒற்றை இழையைப் போகவிட்டுவிடும்.

நேரத்தை மட்டும் அளந்தால் போதாது. மண்டபத்தில் செருப்பு நெருக்கமாகக் கிடந்தால் சீக்கிரம் கிடைக்கும், பரவிக் கிடந்தால் தாமதமாகும். அதனால் ஆரம்பத்தில் இருந்த டிஎன்ஏ செறிவையும் நேரத்தையும் பெருக்கி ஒரே எண்ணாக வைத்துக்கொண்டார்கள். அந்த எண்ணுக்கு 'காட்' என்று பெயர். சிறிய காட் என்றால் சீக்கிரம் சேர்ந்தது. பெரிய காட் என்றால் தேடித் தேடிச் சேர்ந்தது.

முடிவு 1968 ஆகஸ்டில் சயின்ஸ் இதழில் வந்தது.

ஈ.கோலை பாக்டீரியாவின் டிஎன்ஏ ஒரே சீராகச் சேர்ந்தது. கன்றுக்குட்டி டிஎன்ஏ அப்படிச் சேரவில்லை. சுமார் 40 சதவீதம் மளமளவென்று சேர்ந்தது. அப்புறம் ஒரு நீண்ட அமைதி, எதுவுமே நடக்கவில்லை. அதற்கப்புறம் மீதி மெதுவாகச் சேர ஆரம்பித்தது.

வேகமான பகுதி பாதி சேர்ந்தபோது காட் எண் 0.03. மெதுவான பகுதிக்கு 3000. ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம்! அதாவது மெதுவான பகுதியில் இருப்பவை ஒரே ஒரு பிரதி என்றால், வேகமான பகுதியில் இருப்பவை சராசரியாக ஒரு லட்சம் பிரதிகள். எலியில் இன்னும் அதிகம். அதன் டிஎன்ஏவில் சுமார் 10 சதவீதம், ஒரே சின்ன வரிசையின் ஏறக்குறைய 10 லட்சம் பிரதிகள்.

அதுவரை மனதில் இருந்த படம் என்ன தெரியுமா? டிஎன்ஏ என்றால் மரபணுக்களை மணிபோல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாலை. பார்த்தால், அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப லட்சம் முறை எழுதிவைத்த புத்தகமாக இருக்கிறது.

இதெல்லாம் எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. 1970-ல் மேரி லூ பார்டியூ, ஜோசப் கால் இருவரும், எலியின் அந்த 10 சதவீதம் க்ரோமோசோம்களின் இடுப்புப் பகுதியான சென்ட்ரோமியரில் குவிந்திருப்பதைக் காட்டினார்கள். 1972-ல் சுசுமு ஓனோ, மரபணு அல்லாத டிஎன்ஏ இவ்வளவு இருப்பதைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'ஜங்க்' என்ற சொல்லைப் போட்டார். குப்பை. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நான் எம்பிபிஎஸ் படித்தபோதும் இந்தப் பகுதியை அரைப் பக்கத்தில் தாண்டிவிட்டோம். பரீட்சைக்கு வராது என்று.

குப்பை என்று சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சாம்பாருக்கு நறுக்குகிற வெங்காயத்தில், ஒரு செல்லுக்கு நம்மைவிட சுமார் ஐந்து மடங்கு டிஎன்ஏ இருக்கிறது. அது நம்மைவிட ஐந்து மடங்கு சிக்கலான உயிர் இல்லையே.

சரி, மனிதனுக்கு வருவோம். 1970-களில் கார்ல் ஷ்மிட் குழுவினர் கலிஃபோர்னியாவில் இதே முறையை மனித டிஎன்ஏவில் செய்தார்கள். கொஞ்ச நேரம் மட்டும் சேரவிட்டு, சேராத ஒற்றை இழைகளை ஒரு நொதியால் கரைத்துவிட்டார்கள். மிஞ்சியதில் பெரும்பகுதி ஏறக்குறைய 300 எழுத்து நீளம். அதை 'ஆலு' என்ற வெட்டும் நொதியில் போட்டால், பெரும்பாலானவை ஒரே இடத்தில் வெட்டுப்பட்டன. எல்லாம் ஒரே குடும்பம்! அதனால் 1979-ல் அந்தக் குடும்பத்துக்கு ஆலு என்றே பெயர் வந்தது.

இன்றைக்குத் தெரிந்த கணக்கில், உங்கள் ஒவ்வொரு செல்லிலும் ஆலு 10 லட்சத்துக்கும் மேல். மொத்த டிஎன்ஏவில் அதுவே சுமார் 10 சதவீதம். எல்-1 என்று இன்னொரு குடும்பம், சுமார் 5 லட்சம் பிரதிகள், 17 சதவீதம். புரதம் தயாரிக்கும் எழுத்துகள் மொத்தமே 2 சதவீதத்துக்கும் குறைவு.

இவ்வளவு பிரதிகள் எப்படி வந்தன? தன்னைத்தானே நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிக்கொண்டதால். இடம் மாறும் டிஎன்ஏ இருக்கிறது என்று சோளச் செடியில் பார்பரா மெக்லின்டாக் 1940-களிலேயே கண்டுபிடித்திருந்தார். நோபல் கிடைத்தது 1983-ல்.

இப்போ அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். புதுசா எப்படி வரும்?

முதல் வழி. 1988-ல் ஹெய்க் கஸாஸியன் குழுவினர் 240 ஹீமோஃபீலியா நோயாளிகளின் டிஎன்ஏவைச் சோதித்தார்கள். அதில் இரண்டு பேருக்கு, ஃபேக்டர் 8 மரபணுவின் நடுவில் ஒரு எல்-1 துண்டு வந்து உட்கார்ந்திருந்தது. அவர்களின் பெற்றோரிடம் அந்த இடத்தில் அது இல்லை! இந்தத் தலைமுறையில்தான் குதித்து வந்திருக்கிறது. பரீட்சைக்கு வராத அந்தக் குப்பை, ஒரு குழந்தையின் மூட்டில் ரத்தம் கசிய வைத்திருக்கிறது.

ஆனால் இது அரிது. இரண்டாவது வழிதான் பெரிய வழி.

ஃபேக்டர் 8 மரபணுவை 1984-ல் பிரித்தெடுத்துவிட்டார்கள். இருந்தாலும் பல வருடங்கள் ஒரு புதிர் இருந்தது. தீவிர நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, அந்த மரபணுவின் புரத எழுத்துகளைத் தேடித் தேடிப் பார்த்தாலும் ஒரு பிழையும் இல்லை. எழுத்தெல்லாம் சரி. புரதம் மட்டும் வரவில்லை.

1993-ல் விடை கிடைத்தது. அந்த மரபணுவுக்குள், இன்ட்ரான் 22 என்ற இடைவெளிப் பகுதியில், சுமார் 9,500 எழுத்து நீளமுள்ள ஒரு வரிசை இருக்கிறது. கிட்டத்தட்ட அதே வரிசை, சில லட்சம் எழுத்துகள் தள்ளி, எக்ஸ் க்ரோமோசோமின் நுனிப் பக்கம் இன்னும் இரண்டு இடத்தில் இருக்கிறது. மொத்தம் மூன்று பிரதிகள்.

ஒரே மாதிரி இருப்பவை ஒன்றையொன்று தேடும் என்று பார்த்தோம் இல்லையா? சோதனைக் குழாயில் மட்டும்தான் தேடும் என்று யார் சொன்னது!

கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது க்ரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக ஒட்டி நிற்கும். பெண்ணிடம் எக்ஸ் இரண்டு, ஒன்றுக்கொன்று துணை. ஆணிடம் எக்ஸ் ஒன்றுதான், பக்கத்தில் இருப்பது ஒய். பெரும்பகுதிக்குத் துணை இல்லாத அந்த எக்ஸ், சில நேரம் தன் மேலேயே மடங்குகிறது. மரபணுவுக்குள் இருக்கும் பிரதி, நுனியில் இருக்கும் பிரதியைத் தன் ஜோடி என்று நினைத்துச் சேர்ந்துவிடுகிறது. அந்த இடத்தில் டிஎன்ஏ வெட்டி ஒட்டப்படும்போது, நடுவில் உள்ள பகுதி தலைகீழாகிவிடுகிறது. மரபணு இரண்டாக முறிந்து, பாதி ஒரு பக்கமும் பாதி இன்னொரு பக்கமும் பார்த்து நிற்கிறது.

ஒரு எழுத்தும் தொலையவில்லை, அதனால்தான் எழுத்துப் பிழை தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. தீவிர ஹீமோஃபீலியா ஏ நோயாளிகளில் ஏறக்குறைய 45 சதவீதம் பேருக்கு இதுதான் காரணம். இதைக் கண்டுபிடிக்க முதலில் பயன்பட்ட சோதனையும் ஹைப்ரிடைசேஷன்தான். எட்வின் சதர்ன் 1975-ல் வெளியிட்ட சதர்ன் ப்ளாட் முறை. டிஎன்ஏவை வெட்டி, சவ்வில் ஒற்றி, தெரிந்த ஒரு துண்டை ஜோடி தேட விட்டால், மரபணு முறிந்தவருக்குப் பட்டை வேறு இடத்தில் விழும்.

அந்தப் பையனின் ரத்தத்தைப் பெரிய மையத்துக்கு அனுப்பியிருந்தோம். ரிப்போர்ட்: இன்ட்ரான் 22 தலைகீழ் மாற்றம். அம்மாவுக்கும் பார்த்ததில், அவரின் ஒரு எக்ஸில் அதே மாற்றம் இருந்தது.

இந்த முறை அவங்களை மதியம் கூட்டம் குறைந்த பிறகு உட்கார வைத்துப் பேசினேன். பாட்டியும் கூட இருந்தாங்க. காகிதத்தில் ஒரு கோடு போட்டு, மடித்துக் காட்டினேன். "இது பெரும்பாலும் ஆம்பளைங்க உடம்புல விந்தணு உருவாகும்போது நடக்கிறதும்மா. நீங்க உருவான அந்த ஒரே ஒரு அணுவுல நடந்திருக்கலாம்."

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க: "அப்போ எங்க அப்பா பண்ண தப்பா சார்?"

பழி வீடு மாறுகிறது, அவ்வளவுதான் என்று எனக்கு உறைத்தது. "இல்லம்மா. உங்க அப்பாவுக்கு இந்த நோய் கிடையாது, அவருக்குத் தெரிஞ்சு எதுவும் நடக்கல. சாப்பாடு, பழக்கம், பாவம் எதுவும் காரணம் இல்ல. ஒரே மாதிரி ரெண்டு இடம் எல்லார் எக்ஸ்லயும் இருக்கு. உங்க மாமியார்கிட்ட இருக்கு, என்கிட்டயும் இருக்கு. யாருக்கு மடங்கும்னு யாரும் சொல்ல முடியாது."

பாட்டி அந்தக் காகிதத்தை வாங்கி, மறுபடி ஒரு தடவை மடிச்சுப் பார்த்தாங்க. எதுவும் சொல்லல. போகும்போது பையனை அவங்கதான் தூக்கிட்டுப் போனாங்க.

பிரிட்டன் 2012-ல், 92 வயதில் காலமானார். அவர் எண்ணியது சரியா? 2001-ல் வந்த மனித ஜீனோம் வரைவில், இடம் மாறும் வகை வரிசைகள் மட்டுமே சுமார் 45 சதவீதம். 2022-ல் முதல்முறையாக விடுபடாமல் படித்து முடித்தபோது, திரும்ப வரும் வரிசைகள் மொத்தமாகப் பாதிக்கும் மேல். காட் முறையில் மனிதனுக்கும் கிடைத்தது இதைவிடக் குறைவுதான். ரொம்பப் பழைய பிரதிகள் தேய்ந்து உருமாறிவிட்டன. தேய்ந்த செருப்பு ஜோடியோடு ஒட்டாது, அதனால் எண்ணிக்கையில் வரவில்லை.

இன்றைக்கும் ரத்தப் புற்றுநோய்க்கு ஃபிஷ் என்ற பரிசோதனை செய்யும் லேப்களில் 'காட்-1 டிஎன்ஏ' என்று ஒரு சின்னக் குப்பி இருக்கும். பிரசவத்துக்குப் பிறகு வெளியேறும் நஞ்சிலிருந்து எடுத்த டிஎன்ஏவில், சீக்கிரம் ஜோடி சேரும் பகுதி மட்டும் அதில் இருக்கும். திரும்ப வரும் வரிசைகளை அது முதலில் போய் மூடிவிடும், தேடும் மரபணு மட்டும் பளிச்சென்று தெரியும். அந்தக் குப்பியின் பெயரில் பிரிட்டனின் எண் இன்னும் இருக்கிறது.

கடைசியாக, ஒரு டாக்டராக நாலு விஷயம்:

1. குழந்தைக்கு அடிபடாமலே மூட்டு வீங்கினாலோ, சின்னக் காயத்தில் ரத்தம் நிற்காவிட்டாலோ ஹீமோஃபீலியா பரிசோதனை செய்யுங்க. "எங்க வீட்டில் யாருக்கும் இல்லை" என்பது இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது.

2. உறுதியானால் தசையில் ஊசி போடக்கூடாது. ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீங்க. எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக "ஹீமோஃபீலியா" என்று சொல்லுங்க.

3. ஃபேக்டர் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். எந்த மையத்தில் கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்க.

4. குடும்பத்தில் முதல் ஆளாக இருந்தாலும் அம்மாவும், அம்மாவின் அக்கா தங்கைகளும், மகள்களும் பரிசோதனை பற்றிக் கேளுங்க. அடுத்த பிரசவத்துக்குத் தயாராக இருக்கத்தான் அது, யார் மேல தப்பு என்று கண்டுபிடிக்க இல்லை.

அந்தப் பையன் இப்போ ஃபேக்டர் ஊசி போட்டுக்கொண்டு, எல்.கே.ஜி போகிறான். போன வாரம் வந்தபோது ஓபி-க்குள் ஓடித்தான் வந்தான். ஓடாதே என்று சொல்ல எனக்கு மனசு வரல.

 சந்தேகம் இருந்தால் கேளுங்க, ட்யூட்டி முடிந்ததும் பதில் சொல்றேன்.